செம்மரமும் வேங்கையும்: கீறினால் இரண்டும் சிவக்கும், வேறுபாட்டை எங்கே பார்ப்பது?

கேள்வி இது: பொன்னைக்கு மேற்கே, சித்தூர் எல்லையை ஒட்டி, ஒரு குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. மேல் ஏக்கர் பாறையும் சரளையும், கீழ் ஏக்கர் ஓடை ஓரத்துச் செம்மண். மூன்று ஆண்டுகளுக்கு முன் செம்மரம் என்று சொல்லி வாங்கிய கன்றுகளை இரண்டிலும் நட்டிருக்கிறார்கள். பட்டையைக் கீறினால் ரத்தம் போல் பால் வருகிறது, ஆகவே செம்மரம்தான் என்கிறார் விற்றவர். வீட்டுப் பெரியவரோ, இவற்றில் பாதி வேங்கை என்கிறார். இரண்டும் ஒரே மரமா, வேறா? நீரிழிவுக்கு விற்கும் மர டம்ளர் இவற்றில் எதிலிருந்து செய்யப்படுவது? இனிமேல் நடுவதாக இருந்தால் எதை நடலாம்?

இரண்டும் வேறு வேறு மரங்கள். ஆனால் மிக நெருங்கிய உறவு. கீறினால் சிவப்பாக வடிவது அந்த உறவின் அடையாளமே தவிர, செம்மரத்துக்கு மட்டும் உரிய அடையாளம் அன்று. எனவே விற்றவர் காட்டிய சான்று சான்றே ஆகாது. பெரியவர் சொல்வது சரியா என்பதை, மரத்தைச் சிறிதும் காயப்படுத்தாமல், நீங்களே ஒரு காலைப் பொழுதில் தோட்டத்தைச் சுற்றி வந்து தெரிந்துகொள்ளலாம்.

தாவரவியலில் இரண்டும் பயறுவகைக் குடும்பத்தைச் சேர்ந்த டெரோகார்பஸ் என்னும் ஒரே பேரினத்தில் வருகின்றன. அந்தக் கிரேக்கப் பெயருக்குச் சிறகுள்ள காய் என்று பொருள். இரண்டின் காயும் நடுவில் விதை தடித்து, சுற்றிலும் மெல்லிய சிறகு படர்ந்து, தட்டையான நாணயம் போல் இருக்கும். செம்மரம் டெரோகார்பஸ் சாண்டலினஸ். உயிரினங்களுக்கு இரு சொல் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸின் மகன் சூட்டிய பெயர். வேங்கை டெரோகார்பஸ் மார்சூபியம். சோழமண்டலக் கரையின் தாவரங்களை ஆராய்ந்த ராக்ஸ்பர்க் சூட்டியது. நம் எல்லையில் மக்கள் வழங்கும் பெயர்கள்தாம் குழப்பத்தை வளர்க்கின்றன. செம்மரத்துக்குச் செஞ்சந்தனம், ரத்த சந்தனம், சந்தன வேங்கை என்றெல்லாம் பெயர் உண்டு. தெலுங்கில் எர்ர சந்தனம். வேங்கையைத் தெலுங்கர் ஏகி என்பார்கள், கன்னடத்தில் ஹொன்னே, மலையாளத்தில் வேங்ங. சந்தன வேங்கை என்ற பெயரைக் கேட்டு இரண்டையும் ஒன்றாகக் கருதியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெயரில் சந்தனம் இருந்தாலும், மணக்கும் சந்தன மரத்துக்கும் செம்மரத்துக்கும் எந்த உறவும் இல்லை. செம்மரக் கட்டைக்குச் சொல்லும்படியான வாசனையும் இல்லை. கேரளத்துப் பக்கம் போனால் செம்மரம் என்ற சொல்லே வேப்பங்குடும்பத்து மரம் ஒன்றைக் குறிக்கும். பளபளக்கும் சிவப்பு விதை தரும் ஆனைக்குன்றிமணியை, அதாவது மலையாளிகளின் மஞ்சாடியை, சிவப்புச் சந்தனம் என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. ஆகவே கன்று வாங்கும்போது ஊர்ப்பெயரோடு நில்லாமல் அறிவியல் பெயரையும் ரசீதில் எழுதி வாங்குவது நல்லது.

இப்போது அந்தச் சிவப்புப் பாலைப் பற்றி. இந்தப் பேரினத்து மரங்கள் பலவற்றின் உள்பட்டையில் துவர்ப்புச் சத்து நிறைந்த சிவப்புப் பிசின் ஓடுகிறது. சொல்லப்போனால் அதற்குப் பேர்போனது வேங்கைதான்: அதன் பிசினை மலபார் கினோ என்ற பெயரில் மேல்நாட்டு மருந்துக் கடைகள் ஒரு காலத்தில் வயிற்றுப்போக்குக்கும் வாய்ப்புண்ணுக்கும் வாங்கி வைத்திருந்தன. நம் மலைகளில் வேங்கைப் பாலைக் கொட்டாங்குச்சியில் பிடித்து உறைய வைத்து, குழந்தைகளுக்குப் பொட்டு வைப்பார்கள். வடியும்போது கருஞ்சிவப்பாக இருப்பது காய்ந்ததும் கறுத்துப் பளபளக்கும். ஒரு சொட்டு நீர் விட்டுச் சுண்டுவிரலால் குழைத்தால் மீண்டும் இளகும். என் பாட்டி வீட்டு மாடத்தில் அப்படியொரு கொட்டாங்குச்சி எப்போதும் இருந்தது. நாங்கள் எல்லோரும் அந்தப் பொட்டோடு வளர்ந்தவர்கள். எனவே ‘ரத்தம் வருகிறது, ஆகவே செம்மரம்’ என்று யாராவது சொன்னால், அதே ரத்தம் வேங்கையில் அதைவிடத் தாராளமாக வரும் என்று பதில் சொல்லுங்கள். இளம் மரங்களை இனிமேல் கீறவும் வேண்டாம். அந்தக் காயங்களின் வழியாகப் பூச்சியும் பூஞ்சையும் நுழையும்.

பார்க்க வேண்டியது இலை. செம்மரத்தில் ஒரு காம்பில் பெரும்பாலும் மூன்று சிற்றிலைகள் இருக்கும். அரிதாக நான்கோ ஐந்தோ வரும். ஒவ்வொரு சிற்றிலையும் அகன்று, ஏறக்குறைய வட்டமாக, நுனியில் சிறு பள்ளத்தோடு இருக்கும். திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் சாம்பல் பூத்தது போல் வெளிறி, மெல்லிய மயிர் படிந்திருக்கும். வேங்கையில் ஒரு காம்பில் ஐந்து முதல் ஏழு சிற்றிலைகள், இருபுறமும் மாறி மாறி அமைந்து, நுனியில் ஒற்றை இலையோடு முடியும். அவை நீள்சதுர வடிவில், சற்றே அலை அலையான ஓரத்தோடு, மேல்பக்கம் பளபளப்பாக இருக்கும். நுனிப்பள்ளம் வேங்கையிலும் உண்டு என்பதால் அதை வைத்து முடிவு செய்யக் கூடாது. சித்தூர்ப் பக்கத்து மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கும் முதியவர் ஒருவரிடம் பல ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியை நான் கேட்டபோது, அவர் காம்போடு இரண்டு இலைகளைப் பறித்து என் உள்ளங்கையில் வைத்து, “மூணு இருந்தா எர்ர சந்தனம், அஞ்சு ஏழுன்னா ஏகி, அவ்வளவுதான் நைனா” என்றார். அதற்குப் பிறகு நான் படித்த எந்த நூலும் அவர் சொன்னதை மாற்றவில்லை. ஒரே ஓர் எச்சரிக்கை மட்டும் சேர்க்கிறேன். முளைத்துச் சில மாதங்களே ஆன கன்றில் முதலில் வரும் இலைகள் இரண்டு மரத்திலும் தனியிலைகளாகவே இருக்கும். கூட்டிலைகள் பிறகுதான் வரும். ஒரு சாண் கன்றைப் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. உங்கள் கன்றுகளுக்கு மூன்று வயதாகிவிட்டதால் அந்தச் சிக்கல் இல்லை. ஒவ்வொரு மரத்திலும் நன்றாக முதிர்ந்த பத்து இலைகளையாவது பாருங்கள். பெரும்பான்மை எதுவோ அதுவே மரத்தின் பெயர்.

இந்தக் குழப்பத்தை நானும் பட்டிருக்கிறேன். நாற்றங்கால் ஒன்றில் நாற்பது செம்மரக் கன்றுகள் வாங்கி நட்டேன். இரண்டாம் ஆண்டு மழைக்குப் பிறகு பதினொன்று மட்டும் மற்றவற்றைவிட உயரமாக, ஏழு ஏழு இலையோடு நின்றன. விற்றவர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் இப்போதும் நம்பவில்லை. விதை பொறுக்கியவர் காட்டில் இரண்டு மரத்தின் காயையும் ஒரே கோணியில் போட்டிருப்பார். காய்கள் அவ்வளவு ஒத்திருக்கும். ஆனாலும் அந்தப் பதினொன்றையும் செம்மரத்துக்கென்று ஒதுக்கிய கல்லாங்காட்டில் நான் வைத்திருந்தேன். கோடையில் தண்ணீரின்றி ஆறு பட்டுப்போயின. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. கன்றிலேயே தெரிந்திருந்தால் ஓடைப் பக்கம் வைத்துக் காப்பாற்றியிருக்கலாம்.

மரம் வளர்ந்த பிறகு பட்டையும் பேசும். செம்மரத்தின் பட்டை கரும்பழுப்பாக, நெடுக்கும் குறுக்கும் ஆழமாக வெடித்து, கட்டம் கட்டமாக முதலைத் தோல் போல் இருக்கும்; தொலைவிலிருந்தே தெரியும். வேங்கையின் பட்டை சாம்பல் கலந்த பழுப்பு. நீளவாக்கில் வெடித்துச் செதில் செதிலாக உரியும், முதிர்ந்தால் கறுக்கும். சங்கப் புலவர்கள் அதைக் கருங்கால் வேங்கை என்றது அந்தக் கறுத்த அடிமரத்தைப் பார்த்துத்தான். பூ இரண்டிலும் மஞ்சள். செம்மரம் கோடையின் வாசலில், பங்குனி சித்திரை வாக்கில், சிறு சிறு கொத்தாகப் பூக்கும். வேங்கை பெரிய கொத்துகளாகப் பூத்து மரமே பொன்னாகத் தெரியும். அதன் பூப்பருவம் மழையை ஒட்டி இடத்துக்கு இடம் மாறும். உதிர்ந்த வேங்கைப் பூ கரும்பாறை மேல் கிடப்பதைப் புலிக்குட்டி என்று மயங்கியதாகப் பாடிய மரபு நம்முடையது. புலிக்கும் மரத்துக்கும் வேங்கை என்று ஒரே பெயர் வழங்குவதும் இதோடு ஒட்டியதே. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் வள்ளிமலையில், வேடர் வந்தபோது முருகன் வேங்கை மரமாகி நின்றான் என்பது தலபுராணம். உருவத்தில் வேங்கை பெரியது, வளமான மலைக்காட்டில் 30 மீட்டர் வரை வளரும். செம்மரம் 10 மீட்டரைத் தாண்டுவதே பெரிது.

வெட்டிய கட்டையில்தான் வேறுபாடு எல்லாவற்றிலும் தெளிவாகத் தெரியும். செம்மரத்தின் வைரம், அதாவது நடுவில் இறுகிய கட்டை, அறுத்தவுடன் இரத்தச் சிவப்பாக இருந்து, காற்றுப் பட்டு நாளடைவில் ஊதா கலந்த கறுப்பாகும். வேங்கையின் வைரம் பொன்பழுப்பு, இடையிடையே கருங்கோடுகளோடு இருக்கும். ஈரம் பட்டால் மஞ்சள் கறை விடும், அதனால் ஈரமான வேங்கைப் பலகையைச் சுண்ணாம்பு அடித்த சுவரில் யாரும் சாய்த்து வைப்பதில்லை. காய்ந்த செம்மர வைரம் நீரைவிடக் கனமானது. வாளியில் போட்டால் மூழ்கும். வேங்கை மிதக்கும். வைரத்தைச் சுற்றியுள்ள வெளிறிய வெள்ளைப் பகுதியைப் போட்டுச் சோதித்தால் ஏமாந்துவிடுவீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீரும், இன்னும் இரண்டில் மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டும் ஊற்றி, ஒவ்வொரு வகையின் சீவலையும் தண்ணீரில் கொஞ்சம், ஸ்பிரிட்டில் கொஞ்சம் போடுங்கள். செம்மரத்தின் சாயமான சாண்டலின் தண்ணீரில் கரைவதில்லை, ஸ்பிரிட்டில் கரையும். ஆகவே தண்ணீர் டம்ளர் ஏறக்குறைய அப்படியே இருக்க, ஸ்பிரிட் டம்ளரில் சீவலிலிருந்து சிவப்பு நூல் நூலாக இறங்கிச் சிறிது நேரத்தில் முழுவதும் சிவக்கும். வேங்கைச் சீவல் போட்ட தண்ணீர் ஒரு மணி நேரத்துக்குள் தேநீர் நிறத்துக்கு வரும், அதை வெயிலில் பிடித்துச் சாய்த்துப் பார்த்தால் விளிம்பில் மெல்லிய நீலச் சாயல் ஓடும். மரப்பாச்சி பொம்மையைக் கல்லில் உரைத்தால் சிவப்புக் குழம்பு வருகிறதே என்று கேட்கலாம். அது கரைசல் அன்று, மரத்தின் நுண்பொடி நீரில் கலந்து நிற்பது. வைத்துவிட்டால் அடியில் படிந்துவிடும். நம் பக்கத்து நல்ல மரப்பாச்சிகள் செம்மரத்தில் செய்தவை, குழந்தைக்கு வீக்கம் வந்தால் அதை உரைத்துப் பற்றுப் போடும் பழக்கமும் இருக்கிறது.

டம்ளர் பற்றிய கேள்விக்கும் இதிலேயே பாதி விடை இருக்கிறது. நீரிழிவுக்கென்று விற்கும் டம்ளர் வேங்கையில் செய்வது. வடக்கே அதை விஜயசார் என்பார்கள். செம்மரத்தின் நிறம் தண்ணீரில் இறங்குவதே இல்லை என்பதால், தண்ணீரைச் சிவப்பாக்கும் டம்ளர் ஒன்றைச் செம்மர டம்ளர் என்று யாராவது கொடுத்தால் சாயம் பூசியிருப்பதாகச் சந்தேகப்படுங்கள். வேங்கையில் நீரிழிவுக்கு உதவக்கூடிய பொருள்கள் இருப்பது வெறும் கதை அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் புதிதாக நீரிழிவு கண்டவர்களிடம் இதை ஆய்ந்து 1998-இல் முடிவை வெளியிட்டது, பலரிடம் சர்க்கரை குறைந்தது. ஆனால் அது அளவு கணக்கிட்டு, மருத்துவர் கண்காணிப்பில், தொடக்க நிலை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு மருந்து தந்த குழு அதில் இல்லை. ஒரே டம்ளரில் மாதக்கணக்கில் ஊறவைக்கும் தண்ணீரில் நாளுக்கு நாள் எவ்வளவு சத்து இறங்குகிறது என்பதற்கு எந்தக் கணக்கும் கிடையாது. டம்ளரை நம்பி மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்தாதீர்கள். இதை நான் மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன், ஏனென்றால் நிறுத்திவிட்டுக் கால் புண்ணோடு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டு மரங்களும் எங்கே வளர்கின்றன என்பதில்தான் உங்கள் நிலத்துக்கான விடை இருக்கிறது. வேங்கை பரந்து வாழும் மரம். மேற்குத் தொடர்ச்சி மலை, கிழக்குத் தொடர்ச்சி மலை, மத்திய இந்தியா, இலங்கை, நேபாளம் வரை இருக்கிறது. நம் பக்கம் ஜவ்வாது, ஏலகிரியிலும் உண்டு. இலையுதிர்க் காடுகளில், நீர் தேங்காத ஆழமான மண்ணில், ஓரளவு நல்ல மழையில் அது செழிக்கும். செம்மரமோ உலகிலேயே இயற்கையாக ஒரு சிறு வட்டாரத்தில்தான் இருக்கிறது: சேஷாசலம், வெலிகொண்டா, பாலகொண்டா, லங்கமலை, நல்லமலையின் தென்பகுதி என்று, சித்தூர், திருப்பதி, கடப்பை, நெல்லூர் சார்ந்த மலைகளும், அவற்றின் விளிம்பாகத் தமிழ்நாட்டில் விழும் சிறு துண்டுகளும். அங்கே மண் என்பதே குறைவு, படிகக்கல் சரளையும் பாறை வெடிப்பும்தான். அந்த வறட்சியில் மிக மெதுவாக வளர்வதால்தான் அதன் வைரம் அவ்வளவு இறுகிச் சிவக்கிறது. சொட்டு நீரும் உரமும் கொடுத்து வேகமாக வளர்த்தால் மரம் பருக்கும், ஆனால் உள்ளே வெள்ளைதான் மிகுதியாக இருக்கும். செம்மரத்துக்குத் தண்ணீர் தேங்குவது அறவே ஆகாது.

இவ்வளவு சிறிய வட்டாரத்தில் மட்டும் இருக்கும் மரத்துக்கு வெளிநாட்டில் பெரும் தேவை இருப்பதால்தான் இத்தனை துயரமும். சீனத்தில் பழைய அரச பாணி மரச்சாமான்களுக்கும், ஜப்பானில் ஷாமிசென் என்னும் தந்தி வாத்தியத்துக்கும் இதைக் கேட்கிறார்கள். நெளிநெளியான வரி உள்ள கட்டைக்கு விலை இன்னும் கூடும். அணுக்கதிரைத் தடுக்கும், அதனால்தான் வாங்குகிறார்கள் என்று டீக்கடைகளில் சொல்லும் கதைக்கு ஆதாரம் எதுவும் இல்லை. 1995 முதல் செம்மரம் அழிநிலை உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதை அழியும் ஆபத்தில் உள்ள இனமாக வைத்திருக்கிறது. வேங்கையும் அச்சுறுத்தலை நெருங்கிய இனமாக அதே சங்கத்தின் பட்டியலில் இருக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் ஆந்திரக் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டதை நம் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. கூலிக்குப் போனவர்கள் பிணமாகத் திரும்பிய வீடுகள் இந்த மலையடிவாரங்களில் இன்றும் இருக்கின்றன. இந்த மரத்தைப் பற்றிப் பேசும்போது அதைச் சொல்லாமல் கடப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதனாலேயே உங்கள் பட்டா நிலத்துச் செம்மரத்துக்கும் காகிதம் முக்கியம். எத்தனை மரம், எந்தச் சர்வே எண், எந்த ஆண்டு நட்டது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி, அடங்கல் என்னும் கிராமப் பயிர்க் கணக்கில் இப்போதே பதிவு செய்யுங்கள். பிற்காலத்தில் வெட்டவும் ஏற்றிச் செல்லவும் வனத்துறை அனுமதி வேண்டும். அனுமதியின்றி ஒரு கட்டையை வண்டியில் ஏற்றினாலும் அது கடத்தலாகவே கருதப்படும், எல்லையில் இருப்பவர்களுக்கு இது இன்னும் கடுமை. வேங்கையை வெட்டும் முன்னும் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிடுவதே நல்லது, குறிப்பாக மலைக் கிராமங்களில். பத்து ஆண்டில் கோடி கிடைக்கும் என்று செம்மரக் கன்று விற்பவர்களை நம்ப வேண்டாம். நல்ல வைரம் பிடிக்க 25 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அது உங்கள் பிள்ளைகளுக்கான மரம்.

எதை நடுவது என்ற கேள்விக்கு என் பதில், மேல் ஏக்கரில் செம்மரம், கீழ் ஏக்கரில் வேங்கை. இலையை எண்ணிப் பார்த்த பிறகு கீழே மண் ஆழமாக உள்ள இடத்தில் செம்மரம் இருந்தால் விட்டுவிடுங்கள், தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். மேலே சரளையில் வேங்கை இருந்தால் இன்னும் இரண்டு கோடைக்கு மாதம் இருமுறையாவது தண்ணீர் கொடுங்கள், தூரில் சருகு மூடாக்குப் போடுங்கள். மூன்று வயதுக் கன்றைப் பிடுங்கி மாற்றினால் ஆணிவேர் அறுந்துவிடும். என்னுடைய விருப்பத்தைக் கேட்டால், நான் வேங்கையைக் கூடுதலாக நடுவேன். நிலைக்கும் கதவுக்கும் நம் வீடுகளில் தேக்குக்கு அடுத்து நம்பி வாங்கிய மரம் அது. இலை ஆடுமாட்டுக்குத் தீவனமாகும், உதிர்ந்தால் வயலுக்கு எருவாகும், விற்பதிலும் செம்மரத்தைச் சுற்றியுள்ள அச்சம் இல்லை. ஆனால் ஆடுமாடுகள் விரும்பித் தின்னும் என்பதாலேயே முதல் நான்கு ஆண்டு முள்வேலி இல்லாமல் வேங்கை தேறாது.

புதிதாக நடும் கன்றுகளை நீங்களே முளைக்க வைப்பது கலப்பைத் தவிர்க்கும் நல்ல வழி. நீங்கள் இலை எண்ணி உறுதி செய்த தாய் மரத்தின் அடியிலேயே, அல்லது உரிமையாளர் அனுமதியோடு பக்கத்துத் தோட்டத்து மரத்தில், முதிர்ந்து காய்ந்த காய்களைப் பொறுக்குங்கள். காப்புக் காட்டுக்குள் விதை பொறுக்கப் போக வேண்டாம். சிறகைக் கத்தரித்துவிட்டு, இரண்டு மூன்று நாள் தண்ணீரில், தினமும் தண்ணீரை மாற்றி ஊறவையுங்கள். சாணிக் கரைசலில் ஊறவைப்பவர்களும் உண்டு. செம்மரக் காய் தோல் தடித்தது, பாதிகூட முளைக்காமல் போகலாம், அதற்கேற்பக் கூடுதலாகப் போடுங்கள். வைகாசியில் மணல் பாத்தியில் விதைத்து, முளைத்தவற்றைப் பையில் மாற்றி, இரண்டு மரத்தின் பைகளையும் வேறு வேறு வரிசையில் பெயர் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு ஆடியில் முதல் மழை இறங்கியதும், கூட்டிலை வந்துவிட்ட கன்றுகளை மட்டும் எடுத்து, நான்கு மீட்டருக்கு ஒரு குழியாக நடலாம்.